கோல்ஃப் திடலின் கஜக் கணக்கு

ஓர் அளவு முழுமை பெற மூன்று செய்திகள் வேண்டும்: எண், அலகு, அந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்ற குறிப்பு. முதலிரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறோம். மூன்றாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். கல்லூரிச் சோதனைச்சாலைப் பதிவேடுகளில் நாள்தோறும் காணும் இந்தக் குறை, அச்சிட்டு விற்கப்படும் அளவு நூல்களிலும் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கஜக் கையேட்டை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். இக்கட்டுரை அக்கையேட்டை ஓர் அளவியல் நூலாகக் கொண்டு மதிப்பிடுகிறது.

வாசகர்களில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்கமாட்டீர்கள். அதனால் குறையொன்றுமில்லை. ஒரு முழுத் திடலில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் இருக்கும். அங்கிருந்து நூறு முதல் சில நூறு கஜத்துக்கு அப்பால், ஒட்ட வெட்டிய வழவழப்பான புல்தரை ஒன்று இருக்கும். இதனைக் 'கிரீன்' என்பார்கள். பந்து விழவேண்டிய குழி இதில்தான் இருக்கிறது. இடையில் மணற்குழிகளும் நீர்நிலைகளும் மரங்களும் குறுக்கிடும். ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு உரியது. தேர்ந்த ஆட்டக்காரரிடம் அடுத்தடுத்த மட்டைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 முதல் 15 கஜம். (1 கஜம் என்பது 0.9144 மீட்டர்.) ஆகவே 'இங்கிருந்து கிரீனுக்கு எத்தனை கஜம்?' என்பதே அவர் முன் எப்போதும் நிற்கும் வினா. அதற்கு விடை தருவது கஜக் கையேடு.

காலடியிலிருந்து லேசர் வரை

முற்கால ஆட்டக்காரர்கள் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டார்கள். 1961ஆம் ஆண்டு அமெரிக்க அமெச்சூர் போட்டி கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் திடலில் நடைபெற்றது. அப்போது டீன் பீமன் என்ற சக ஆட்டக்காரர் கூறிய யோசனையின்படி ஜாக் நிக்கலஸ் திடலைக் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். அப்போட்டியில் அவரே வெற்றியும் பெற்றார். அவர் வழியே இப்பழக்கம் பரவியது. 1970களில் ஜார்ஜ் லூகாஸ் என்பவர் திடல் திடலாகச் சென்று அளந்து, கையேடுகளை வரைந்து விற்கத் தொடங்கினார். ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமக்கும் 'கேடி' தொழில் செய்தவர் அவர். காலடிக்குப் பின் உருளும் அளவுச் சக்கரமும், அதன்பின் லேசர் கருவியும் வந்தன. இன்று செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடிழுத்து, வீட்டில் அமர்ந்தபடியே கையேடு தயாரிப்பவர்களும் உள்ளனர்.

கருவி மாறியதால் பிழை மறைந்துவிட்டதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒருவர் 150 கஜத்தை 150 காலடிகளால் அளக்கிறார் எனக் கொள்வோம். ஒவ்வோர் அடியும் சில வேளை 3 அங்குலம் கூடலாம், சில வேளை 3 அங்குலம் குறையலாம். இது ஒழுங்கற்ற பிழை. கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், மொத்தப் பிழை அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. 150இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12. எனவே மொத்தப் பிழை 36 அங்குலம், அதாவது ஒரு கஜம்தான். ஆனால் அவருடைய அடி ஒவ்வொன்றும் 1 அங்குலம் மட்டும் குட்டையாக இருந்தால்? இது முறையான பிழை. ஒன்றையொன்று நீக்காமல் கூடிக்கொண்டே போகும். 150 அங்குலம் என்பது 4 கஜத்துக்கும் மேல்! பெரிதாகத் தோன்றும் தடுமாற்றத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத சிறு ஒருதலைப் பிழையே ஆபத்தானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

லேசர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, அது இலக்கில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 150 கஜம் போய்வர ஒளிக்கு ஒரு மைக்ரோவினாடிக்கும் சற்றுக் குறைவான நேரமே ஆகும். ஒரு கஜத் துல்லியம் வேண்டுமாயின், ஒரு வினாடியின் நூறு கோடியில் ஆறு பங்கு அளவு நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். கருவி இதைச் செய்துவிடுகிறது. ஆனால் ஒளி பட்டது கொடிக்கம்பத்திலா, அதன் பின்னாலுள்ள மரத்திலா என்று அதற்குத் தெரியாது. செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கைபேசியோ, திறந்த வானின்கீழும் 5 மீட்டர் வரை தவறக்கூடியது. கருவிக்கு ஏற்பப் பிழையின் வகை மாறுகிறதே அன்றிப் பிழை ஒழிவதில்லை.

எண் சொல்லாதவை

தூரத்தைச் சரியாகவே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் ஆட்டக்காரருக்குப் போதுமா?

கிரீன் 10 கஜம் தாழ்வில் இருக்கிறது. சாய்வாக அளந்த தூரம் 150 கஜம். பிதாகரஸ் தேற்றப்படி கிடைத்தூரம் 149.7 கஜம். வேறுபாடு ஓரடிதான். ஆனால் பந்து நேர்கோட்டில் செல்வதில்லை. அது ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் கீழிறங்கினால், 10 கஜம் தாழ்ந்த தரையை அடையுமுன் மேலும் 10 கஜம் முன்னே சென்றுவிடும். வடிவ கணிதத்தில் ஓரடியாக இருந்தது ஆட்டத்தில் ஒரு மட்டை வேறுபாடாகிறது! பெபிள் பீச் திடலின் 7ஆம் குழி கடலை நோக்கிச் சரிவது; நீளம் 110 கஜத்துக்கும் குறைவு. அமைதியான நாளில் மிகக் குறுகிய தூரத்துக்குரிய மட்டையே போதும். கடற்காற்று எதிர்த்து வீசும் நாளிலோ அதைவிடப் பல படிகள் நீண்ட மட்டை தேவைப்படுகிறது.

உயரமான ஊர்களில் காற்றின் அடர்த்தி குறைவு. மெக்சிகோ நகரத் திடல் ஒன்றில் 2017 முதல் 2020 வரை உலகப் போட்டி நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் உள்ள அவ்விடத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பந்து சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பறந்தது. அடர்த்தி குறைந்த அளவுக்குத் தூரம் கூடாததற்குக் காரணம் உண்டு: காற்றின் தடை குறையும்போது, சுழலும் பந்தைத் தாங்கும் மேலுந்து விசையும் உடன் குறைகிறது. நம் உதகையிலும் கொடைக்கானலிலும் 2,000 மீட்டருக்கு மேல் கோல்ஃப் திடல்கள் உள்ளன. அங்கே 150 கஜம் என்பதும் சென்னையில் 150 கஜம் என்பதும் ஒரே நீளம். ஆனால் ஒரே அடி அல்ல.

கையேட்டின் குணமும் குற்றமும்

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். நல்ல கையேட்டின் முதல் குணம், எங்கிருந்து எதுவரை என்று சொல்வது. கிரீனின் முன்விளிம்பா, நடுவா? மணற்குழியை எட்டும் தூரமா, கடக்கும் தூரமா? திடலில் அசையாது நிற்கும் நீர்த்தெளிப்பானிலிருந்தா, வளர்ந்து மாறும் மரத்திலிருந்தா? பழைய கையெழுத்துக் கையேடுகள் இதில் சிறந்து விளங்கின. அவற்றைத் தயாரித்தவர்கள் அந்த மண்ணில் நடந்தவர்கள். இரண்டாவது குணம், உயர வேறுபாட்டைத் தனியே குறிப்பது. ஆட்டத்தின்போது கருவியால் இதனை அளக்கப் பொது விதி இடம் தருவதில்லை. ஆகவே முன்கூட்டி எழுதிய குறிப்புக்கு மதிப்பு மிகுதி.

பளபளப்பான வண்ணக் கையேடுகள் பலவற்றின் குற்றம், எண்ணுக்கு இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டுவது. '147.5 கஜம்' என்று அச்சிடுபவர், அரைக் கஜம் வரை தமக்குத் தெரியும் என்று வாக்களிக்கிறார். எப்படி அளந்தார், எப்போது அளந்தார் என்று ஒரு வரியும் இல்லை. தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் 150 கஜத்திலிருந்து அடிக்கும் பந்தே சராசரியாகக் குழிக்கு 20 அடிக்கு மேல் தள்ளி நிற்கிறது. அரைக் கஜம் அவருக்கு எதற்கு? தசமப் புள்ளி இங்கே அலங்காரம்.

கிரீனின் ஒவ்வொரு சரிவையும் அம்புக்குறியிட்டுக் காட்டிய படங்களுக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. 2019இல் அப்படங்களின் அளவை 480இல் ஒரு பங்குக்கு மிகாமல் விதி சுருக்கியது. 2022 முதல், போட்டிக் குழு ஒப்புக்கொண்ட எளிய கையேட்டை மட்டுமே அனுமதிக்க வழி செய்யப்பட்டது. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டிகள் இதனை ஏற்றன. ஆட்டக்காரர் தாமே கண்டறிந்ததைக் கைப்பட எழுதிக்கொள்ளலாம். 'அறிவைத் தடுப்பது அறிவியலுக்கு ஏற்றதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படங்கள் அளந்தது மண்ணின் சரிவை மட்டுமே. பந்து எவ்வளவு வளையும் என்பது புல்லின் வேகத்தையும் பொறுத்தது. அதுவோ வெட்டு, ஈரம், வெயில் ஆகியவற்றால் நாளுக்கு நாள் மாறுவது. தரையைப் பார்க்கும் திறன் ஆட்டத்தின் உயிர் என்பதே விதிக்குக் கூறப்பட்ட காரணம். அது சரியே. எனினும் இவ்விதி கிரீனோடு நின்றுவிட்டது. தூர எண்களுக்குப் பிழையெல்லை வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

இதற்குக் கோல்ஃப் திடல் தேவையில்லை; உங்கள் பள்ளி விளையாட்டுத் திடல் போதும். முதலில் நாடாவால் 50 மீட்டர் அளந்து, அதனைப் பத்து முறை நடந்து உங்கள் அடியின் சராசரி நீளத்தைக் காணுங்கள். பின்பு அசையாத அடையாளங்கள் ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தூரத்தையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல் அருகில் எழுதுங்கள். மேடு பள்ளத்தையும், அளந்த நாளையும், அளந்த முறையையும் குறியுங்கள்.

'150 கஜம், 2 கஜம் கூடலாம் அல்லது குறையலாம்' என்று எழுதிய நோட்டுப் புத்தகம், '147.5' என்று அச்சிட்ட வண்ணக் கையேட்டைவிட நம்பத்தக்கது. முன்னதில் அளந்தவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது தெரிகிறது. விலை கொடுத்து வாங்கும் எந்த அளவு நூலிடமும், அது கோல்ஃப் கையேடாயினும் நில வரைபடமாயினும், இதையே நாம் கேட்க வேண்டும்.