ஜோக்கர் உட்காரும் இடம்

ஆளுக்குப் பதின்மூன்று சீட்டைப் போட்டு முடித்தபின், மீதிக் கட்டிலிருந்து ஒன்றை உருவித் திருப்புகிறார்கள். கிளாவர் நாலு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கட்டுக்கு அடியில் குறுக்காகச் செருகிவிட்டால், அந்த ஆட்டம் முடியும்வரை எந்த ஜாதி நாலும் ஜோக்கர்தான். அந்த நேரத்தில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கண்களைக் கவனித்தால் யார் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று பாதி தெரிந்துவிடும். பழக்கமில்லாதவர் உடனே தன் கையை விரித்து நாலு எத்தனை இருக்கிறது என்று தேடுவார். கை தேர்ந்தவர் திருப்பின சீட்டையே இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு ஜோக்கராகிவிட்டால் மூன்றும் ஐந்தும் பாதி செத்த மாதிரி என்று அவருக்குத் தெரியும்.

ஏன் செத்தது? இரண்டு கட்டுச் சேர்த்து ஆடும்போது நாலு மொத்தம் எட்டு. ஒன்று அடியில் போய்விட்டது, மீதி ஏழு. அந்த ஏழும் யார் யார் கைக்குப் போகிறதோ, அவர்களில் பெரும்பாலோர் அதை நாலாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஜோக்கராகத்தான் வைப்பார்கள். கீழேயும் இறக்க மாட்டார்கள். ஆக, ஹார்ட்டின் மூன்றையும் ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு நடுவே ஹார்ட்டின் நாலு வரும் என்று காத்திருப்பது வீண். ஐந்து, ஆறு வைத்திருப்பவருக்கும் ஒரு பக்கக் கதவு அடைந்துவிட்டது; ஏழு வந்தால்தான் உண்டு. இதை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள் என்பதால், மூன்றையும் ஐந்தையும் இறக்கினால் அடுத்த ஆள் எடுப்பதற்கான வாய்ப்பும் குறைவு. முதல் இரண்டு சுற்றுக்கு எதை இறக்கலாம் என்ற கேள்விக்கு, அடியில் குறுக்காகக் கிடக்கும் அந்த ஒற்றைச் சீட்டே பதில் சொல்லிவிடுகிறது. ஜோக்கரைப் பயன்படுத்துவது ஜோக்கர் கையில் வந்தபிறகு ஆரம்பிக்கிற காரியமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

படம் போட்ட ஜோக்கர் சீட்டுக் கட்டுக்குள் வந்தது 1860களில், அமெரிக்காவில், யூக்கர் என்ற ஆட்டத்துக்காக. அங்கே அவன் எல்லாவற்றையும் வெட்டுகிற பெரிய துருப்பு. நம் ரம்மியில் அவனுக்கு நேர்மாறான வேலை. அவன் எதையும் வெட்டுவதில்லை; அவனுக்கென்று ஒரு புள்ளிகூடக் கிடையாது, கணக்குப் பார்க்கும்போது பூஜ்யம். கல்யாண வீட்டில் எந்த வேலைக்கு ஆள் குறைந்தாலும் போய் நிற்கிற சித்தப்பா மாதிரி, இல்லாத சீட்டின் இடத்தில் நிற்பதுதான் அவன் பிழைப்பு. யாருடைய இடத்தில் அவனை நிறுத்துவது என்பதில்தான் இந்த ஆட்டத்தின் அழகு முழுவதும் இருக்கிறது.

எத்தனை ஜோக்கர் வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கட்டுக்கு ஒரு படஜோக்கர் வைத்து ஆடினால், ஏழு நாலும் இரண்டு படமும் சேர்த்து 9 ஜோக்கர், 105 சீட்டில் கலந்து கிடக்கின்றன. சராசரியாகக் கைக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். அதே கணக்கில், பத்துக் கையில் ஏறக்குறைய மூன்று கை ஜோக்கரே இல்லாமல்தான் வரும். ‘நமக்கு மட்டும் ஜோக்கரே விழமாட்டேன்கிறது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் நினைப்பதைவிட இது சாதாரண விஷயம். ஜோக்கர் இல்லாத கையைப் பார்த்ததும் முதல் சுற்றிலேயே 20 புள்ளி கொடுத்து ஸ்கூட் விடுவதா, உட்கார்ந்து ஆடுவதா என்று முடிவெடுப்பதும் ஜோக்கர் ஆட்டத்தின் பகுதிதான். நடுவில் எழுந்தால் 40, கடைசிவரை இருந்து ஒன்றும் சேராமல் மாட்டிக்கொண்டால் 80 என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள கணக்கு.

ஜோக்கர் கலக்காமல் ஒரே ஜாதியில் வரிசையாக மூன்றாவது சேர்ந்தால்தான் கைக்கு உயிர். அதை லைஃப் என்பார்கள். லைஃப் இல்லாதவன் கையில் என்ன இருந்தாலும், எதிராளி கையை முடித்து விரித்து ஷோ காட்டிவிட்டால் ஜோக்கர் தவிர அத்தனை சீட்டும் கணக்கில் ஏறும். எல்லாம் செய்யத் தெரிந்த ஜோக்கரால் செய்ய முடியாத ஒரே வேலையும், முதலில் செய்தாக வேண்டிய வேலையும் ஒன்றாகவே இருப்பதுபோல் விதியை அமைத்தவர் யாரோ, பெரிய ரசிகர். ஜோக்கரை நம்பி உட்காருபவனை அந்த விதி ஓயாமல் பிடரியில் தட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கையை விரித்துப் பார்ப்போம். நாலுதான் ஜோக்கர். கையில் இருப்பது: ஸ்பேடு எட்டு, ஒன்பது, பத்து, ஹார்ட்டின் ஜாக்கி, ராணி, டைமண்ட் ஆறு, கிளாவர் ஆறு, டைமண்ட் இரண்டு, மூன்று, ஒட்டாமல் ஸ்பேடு ராஜாவும் கிளாவர் ஒன்பதும். ஜோக்கர் இரண்டு: ஒன்று படஜோக்கர், மற்றொன்று டைமண்ட் நாலு, அதாவது வெட்டு ஜோக்கர்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைப் பார்த்ததும் வெட்டு ஜோக்கரை ஜாக்கி, ராணிக்குப் பக்கத்திலும் படத்தை இரண்டு ஆறுக்குப் பக்கத்திலும் செருகிவிடுவார்கள். பார்க்க நிறைவாக இருக்கும்: மூன்று சேர்க்கை முடிந்துவிட்டது. ஆனால் மிச்சம் நிற்பது டைமண்ட் இரண்டும் மூன்றும். அதற்கு ஜோக்கர் போக, டைமண்ட் ஏஸ் ஒன்றுதான் மருந்து. இரண்டு கட்டிலும் அது இரண்டே இரண்டு.

தெரிந்த ஆள் டைமண்ட் நாலை டைமண்ட் நாலாகவே உட்கார வைப்பார். இரண்டு, மூன்று, நாலு, ஜோக்கர் கலக்காத இன்னொரு வரிசை. வெட்டு ஜோக்கர் தன் சொந்த ஜாதியில் சொந்த இடத்தில் உட்கார்ந்தால் அது ஜோக்கராக எண்ணப்படாது. இப்போது காத்திருப்பது ஜாக்கி ராணி ஒரு பக்கம், ஆறு ஆறு ஒரு பக்கம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு படஜோக்கர். ஹார்ட்டின் பத்தோ ராஜாவோ வந்தால் படம் ஆறுக்குப் போகும். ஹார்ட்டின் ஆறோ ஸ்பேடு ஆறோ வந்தால் படம் ஜாக்கி ராணிக்குப் போகும். ஹார்ட்டினில் நாலு சீட்டு, ஆறில் நாலு சீட்டு, மொத்தம் எட்டு. அங்கே இரண்டு சீட்டுக்குக் காத்திருந்த அதே கை இங்கே எட்டுக்குக் காத்திருக்கிறது. பதின்மூன்றாவது சீட்டை எங்கேயாவது ஒட்டவைக்கும் வேலை இரண்டு வழியிலும் பாக்கி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வாசல் நாலு மடங்கு அகலமாகிவிட்டது. அதற்குச் செய்ததெல்லாம் ஒரு ஜோக்கரை ஜோக்கராக நினைக்காமல் விட்டதுதான்.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. இடையில் எதிராளி ஷோ காட்டிவிட்டால்? எட்டு வாசல் வைத்த கையில், படத்தை ஜாக்கி ராணிக்குக் கொடுத்தபின், ஆறும் ஆறும் ராஜாவும் ஒன்பதும் 31 புள்ளியாக நிற்கும். முதலில் சொன்ன அடுக்கில் இரண்டு, மூன்று, ராஜா, ஒன்பது, ஆக 24தான். அப்படியானால் அந்த அடுக்கே மேல் என்று தோன்றும். ஆனால் சீட்டு இன்னும் கைக்குள்தானே இருக்கிறது! தரையில் விரிக்கிறவரை எதுவும் எதோடும் கட்டப்பட்டதல்ல. ஆடும்போது எட்டு வாசலோடு ஆடிவிட்டு, விரிக்கும்போது டைமண்ட் நாலைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஜோக்கராக்கி 24 கணக்குக் காட்டலாம். நன்றாக ஆடுபவரின் விரல்கள் கடைசி நொடியில் இரண்டே சீட்டை இடம் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏழு புள்ளி அங்கே மிச்சமாகிறது. 101 புள்ளியைத் தொட்டால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் ஏழு புள்ளி என்பது சில நேரம் இன்னொரு சுற்று உட்காருவதற்கான அனுமதி.

ஜோக்கரை ஓர் இடத்தில் செருகி, அந்த இடத்தை மனதால் பூட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். டைமண்ட் ஒன்பது, பத்து, ஜோக்கர், ராணி என்று வைத்திருப்பார். டைமண்ட் ஜாக்கி வரும். ‘அதுதான் முடிந்துவிட்டதே’ என்று வந்த ஜாக்கியை இறக்கிவிடுவார். அந்த ஜாக்கி உள்ளே வந்திருந்தால் ஜோக்கர் விடுபட்டு வேறு குறையை அடைத்திருக்கும். ஜோக்கரே ஒன்று புதிதாக வந்ததற்குச் சமம். கட்டிலிருந்து ஜோக்கர் உருவினால் முகம் மலர்கிற மனிதர், உள்ளே சிறைப்பட்டிருக்கும் ஜோக்கரை மீட்கும் சீட்டு வரும்போது அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஜோக்கர் மிகுந்துவிடுவதும் ஒரு சங்கடம். இரண்டு வந்தால் இனிமை, மூன்று வந்தால் கர்வம். நாலு வந்து லைஃப் இல்லாமல் இருந்தால், அதைவிட ஆபத்தான கை கிடையாது என்பது என் எண்ணம். வெறுங்கையாக இருந்தால் 20 கொடுத்து எழுந்துபோயிருப்பான். நாலு ஜோக்கரை வைத்துக்கொண்டு எவனுக்கு எழ மனம் வரும்? உட்கார்ந்திருப்பான், உருவிக்கொண்டே இருப்பான், எதிராளி விரித்ததும் ராஜா, ராணியெல்லாம் கணக்கில் ஏறி 80 பக்கம் போய் நிற்பான். இப்படிப்பட்ட கையில் அழகாக ஆடுகிறவர்கள் முதலில் செய்வது, ஜோக்கரோடு சேர்ந்து ஏற்கெனவே முடிந்ததாகத் தெரிகிற ஒரே எண் சேர்க்கைகளைக் கலைப்பது. இரண்டு ராஜாவோடு ஜோக்கர் என்ற சுகத்தைக் கலைத்து, ஏழு எட்டு, ஒன்பது பத்து மாதிரி இரண்டு பக்கமும் திறந்த ஜோடிகளை வைத்துக்கொள்வார்கள். ஜோக்கர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். லைஃப் சேர்ந்ததும் ஒரே மூச்சில் கை முழுவதும் பூட்டிக்கொள்ளும்.

சிகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியதற்காகப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967இல் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பானது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதை இறக்குவது என்பதும் திறமை என்று நீதிபதிகள் காரணம் சொன்னார்கள். மூன்று சீட்டு ஆட்டத்தை முழு அதிர்ஷ்டம் என்று தனியே தள்ளிவைத்தார்கள். பணம் வைத்து இணையத்தில் ஆடும் ரம்மி வேறு கதை. தமிழ்நாட்டில் சட்டம், நீதிமன்றம் என்று இழுபட்டு, 2025இல் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அதன் பெயரால் அழிந்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. தவிர, சீட்டைத் தானே அடுக்கிக் கொடுத்து, ஜோக்கருக்கு அடையாளமும் குத்திக் காட்டுகிற திரையில் ரசிப்பதற்கு என்ன மிஞ்சுகிறது?

பாயில் உட்கார்ந்து ஆடும்போது எதிரே இருப்பவரின் ஜோக்கரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலர் ஜோக்கர்களைக் கையின் வலது ஓரத்தில் ஒன்றாக ஒதுக்கி வைப்பார்கள். உருவின சீட்டு நேராக அங்கே போனால் வந்தது என்னவென்று ஊருக்கே தெரிந்துவிடும். வந்த சீட்டை எப்போதும் ஒரே இடத்தில் செருகி, பிறகு நிதானமாக மாற்றிக்கொள்கிறவரை நம்பக் கூடாது. கீழே கிடக்கும் ஓபன் சீட்டை ஒருவர் தொடவே தொடாமல், தொடக்கத்திலேயே ராணி ஜாக்கி ஜோடியைக் கலைத்து இறக்குகிறார் என்றால், சின்னச் சீட்டில் லைஃப் முடிந்து ஜோக்கரும் வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

ரசனையின் உச்சம் என்று நான் நினைப்பது ஜோக்கரைக் கீழே இறக்குவது. ஆட்டத்துக்கு ஆட்டம் வரக்கூடியதல்ல. அடுத்து ஆட வேண்டியவர் ஒரு சீட்டுக்காக நிற்கிறார், நம் கையில் எதை இறக்கினாலும் அவருக்கு உதவிவிடும் போலிருக்கிறது, நம்மிடம் மிகுதியாக ஒரு ஜோக்கர் இருக்கிறது. அதை இறக்கினால், இறக்கின ஜோக்கரை யாரும் எடுக்கக் கூடாது என்ற விதிப்படி அவர் கட்டில்தான் கைவைத்தாக வேண்டும். பார்க்கிறவர்கள் பைத்தியமா என்று கேட்பார்கள். ஒரு சுற்றை விலைக்கு வாங்கின வேலை அது. கொஞ்சம் ஆடம்பரம்தான். ஆனால் ஜோக்கர் வந்தால் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேராசையைத் தாண்டினவருக்கு மட்டுமே தோன்றும்.

மூன்று கட்டுப் போட்டு 21 சீட்டு ஆடும்போது வெட்டின சீட்டுக்கு ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் அதே ஜாதியில் உள்ளவைகூட ஜோக்கராகிவிடும். மூன்றும் சேர்ந்தால் மேரேஜ் என்று தனிப் புள்ளி. கல்யாண மண்டபத்து ராத்திரிகளுக்கு அது சரிதான். சத்தமும் சிரிப்பும் இருக்கும். ஆனால் சர்க்கரை கூடிப்போன பாயசம். ஜோக்கருக்குப் பஞ்சம் இருந்தால்தானே அதை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

விதிகளில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு என்பதால், சீட்டுப் போடுவதற்கு முன்பே சிலவற்றைப் பேசிவிடுவது நல்லது. வெட்டும்போது படஜோக்கரே வந்தால் ஏஸ் ஜோக்கர் என்பது பொதுவழக்கு. முதலில் திறந்து வைக்கிற ஓபன் சீட்டு ஜோக்கராக இருந்தால் முதல் ஆள் எடுக்கலாமா என்பதில்தான் சண்டை வரும். எடுக்கலாம் என்பவர்கள் அதிகம். இதைப் பேசாமல் ஆரம்பித்து, ஆட்டத்தின் நடுவே மாமாவும் மச்சானும் எழுந்துபோன கதை எல்லா ஊரிலும் இருக்கும்.

ஷோ காட்டினபின் வென்றவன் கையை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது தோற்றவர்கள் கையை. 22 கணக்கோடு மாட்டிக்கொண்ட ஒருவர், பத்துக்கும் ராணிக்கும் நடுவே ஜோக்கரை நிறுத்தியிருப்பார்; பக்கத்திலேயே ஐந்தும் ஆறும் இரண்டு பக்கமும் ஆளில்லாமல் நிற்கும். பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர் சும்மா இருக்க மாட்டார். “ஜாக்கிதான் ரெண்டும் முன்னாடியே விழுந்துடுச்சே, வேற வழியில்ல, ஜோக்கர் அங்கதான் நிக்கணும்” என்பார் ஆடினவர். “அப்புறம் அந்தப் பத்தையும் ராணியையும் எதுக்குண்ணே கட்டிக்கிட்டு அழுதீங்க, முதல் சுத்துலயே இறக்கியிருந்தா ஜோக்கர் கையில சும்மா நின்னிருக்குமே” என்பார் இவர். அதற்குள் கலைத்த கட்டை வெட்டச் சொல்லி நீட்டியிருப்பார்கள்.