தனிமை குறித்த தமிழ்ச் சொற்கள்: பொருள் வேறுபாடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமி, புலம்பு, ஒண்டி, ஏகாந்தம், ஒதுக்கம் ஆகியவற்றைத் தனிமை என்னும் ஒரே சொல்லால் விளக்குவது பெருவழக்கு. ஒருவரைத் தனியராக்கியவர் யார் என்னும் வினாவை முன்வைத்தால் இச்சொற்கள் தம்முள் வேறுபடுவதை மாதனூர் வட்டாரப் பேச்சுவழக்கு, பழந்தமிழ் வழக்கு, அண்மைக்காலப் பொதுவழக்கு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தமி, புலம்பு, ஒண்டி, ஏகாந்தம், ஒதுக்கம், தனிமைப்படுத்துதல்

முன்னுரை

ஒருபொருள் குறித்த பல சொற்கள் என்று வகுக்கப்படுவன எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவதில்லை. ஒரு சொல் நின்ற இடத்தில் மற்றொன்றை நிறுத்திப் பார்க்கும்போது வேறுபாடு புலனாகும். தனிமை குறித்த சொற்களுக்கும் இது பொருந்தும்.

ஒண்டியும் தனிமையும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த மாதனூர், 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் பரவிய இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கும் உருதுவும் வழங்குகின்றன. வடதமிழகப் பேச்சில், ‘ஒண்டியாவா வந்த?’ என்னும் வினா துணைக்கு ஆள் உண்டா என்பதை மட்டுமே கேட்கிறது. ஒண்டி என்பது எண்ணிக்கை சார்ந்த சொல். தெலுங்கின் ஒண்டரி, கன்னடத்தின் ஒண்டி ஆகியவை இதற்கு இனமானவை. நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து தைக்கும் காலணித் தொழிற்கூடத்தில் பணிபுரியும் பெண்ணை ஒண்டி என்றல் இயலாது. அவர் தனிமையை உணர்கிறார் எனல் இயலும். ஆகவே ஒண்டி புறநிலையையும் தனிமை அகநிலையையும் குறிக்க வல்லன. ஒண்டிக்கட்டை என்னும்போது குடும்பமின்மையும் பொருளில் சேர்கிறது. ஒண்டுக்குடித்தனம் என்பதிலுள்ள ஒண்டுதல், சார்ந்து தங்குதல் என்னும் பொருளுடைய வேறு சொல்லாதலின் அதனை இதனுடன் இணைத்தல் பொருந்தாது. அவ்வாறே உருதுவில் வழங்கும் தன்ஹா என்பது பாரசீகச் சொல். தனி என்பதனோடு அதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது.

தமியும் புலம்பும்

தான் என்பதோடு தனியையும் தாம் என்பதோடு தமியையும் சொல்லாய்வாளர் தொடர்புபடுத்துவர். உறவினரைக் குறிக்கும் தமர் என்பதும் தாம் என்பதன்வழி அமைந்ததே. இதனால் தமியர் என்பதற்குத் தாம் மட்டுமே ஆனவர் எனப் பொருள் கொள்ளலாம். புறநானூற்றின் 182ஆம் பாடலும் திருக்குறளின் 229ஆம் குறளும் இச்சொல்லை உண்ணுதலோடு இணைத்து ஆள்கின்றன. முன்னது, இனியது கிடைத்தாலும் தமியராய் உண்ணாதாரைப் போற்றுகிறது. பின்னது, பகிராது தமியராய் உண்பது இரத்தலினும் கொடியது என்கிறது. இவ்விரு இடங்களிலும் தமியராதல் ஒருவரின் தெரிவு. ஆகவே அறத்தின் அளவைக்கு உட்படுகிறது. இங்குத் தமியர் இரக்கத்துக்குரியவர் அல்லர்.

புலம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமையைப் பொருளாகத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. பிற்காலத்தில் அரற்றுதல் என்னும் பொருளே அச்சொல்லில் மேலோங்கியது. துணையற்ற நிலையைக் குறித்த சொல், அந்நிலையில் எழும் குரலைக் குறிப்பதாக நிலைபெற்றது. புலம்பு விட்டுச்சென்ற இடத்தையும் இன்று தனிமை என்னும் சொல்லே நிரப்ப வேண்டியுள்ளது.

ஏகாந்தமும் ஒதுக்கமும்

வடசொல்லாகிய ஏகாந்தம் பெரும்பாலும் விரும்பி அடையும் நிலையைச் சுட்டும். திருமலையில் இரவில் நிகழும் இறுதி வழிபாடு ஏகாந்த சேவை எனப்படுகிறது. இதனைத் தனிமைச் சேவை என்று மாற்றினால் பொருள் சிதையும். ஒதுங்குதல் தன்வினை, ஒதுக்குதல் பிறவினை. ஒதுங்கியவர் தாமே விலகியவர். ஒதுக்கப்பட்டவர் பிறரால் விலக்கப்பட்டவர். தொழுநோயாளரைப் பிரித்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டவரைத் தனிமையில் வாழ்ந்தவர் என எழுதுவது பிழையன்று. ஆனால் அவரை அடைத்த கை அத்தொடரிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்டவர் என்னும்போதே ஒதுக்கியவர் யார் என்னும் வினா எழுகிறது.

தனிமைப்படுத்துதல்

2020ஆம் ஆண்டின் கொரோனாப் பரவலின்போது தனிமைப்படுத்துதல் என்னும் சொல் பெருவழக்குற்றது. நோய்த்தொற்று உறுதியானவரைப் பிரித்துவைத்தல், தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் எனக் கருதப்படுபவரைக் கண்காணிப்பில் வைத்தல் ஆகியன மருத்துவ நோக்கில் வெவ்வேறானவை. பொதுவழக்கில் இரண்டையும் ஒரே சொல் சுட்டியதால் ஐயத்துக்குரியவரும் நோயாளரும் ஒரே பெயருக்குள் அடங்கினர். மேலும், இச்சொல் பிறவினையே ஆயினும், வீட்டுத் தனிமை என அது சுருங்கியபோது பிரித்தவரும் பிரிக்கப்பட்டவரும் ஒருங்கே மறைந்தனர்.

முடிவுரை

ஒண்டி எண்ணிக்கையையும், புலம்பு உணர்வையும், மேற்கண்ட ஆட்சிகளில் தமி தன் தெரிவையும், ஏகாந்தம் விருப்பத்தையும், ஒதுக்கம் பிறர் செயலையும் முதன்மைப்படுத்துகின்றன. தனிமை இவையனைத்தையும் தழுவும் பொதுச்சொல். அப்பொதுமையே அதன் பயனும் குறையும் ஆகும். உரை வரைவோரும் மொழிபெயர்ப்போரும் அகராதி தொகுப்போரும் தனிமை என்று எழுதுமுன், பிரித்தவர் யார், பிரிவு விரும்பப்பட்டதா, உணரப்பட்டதா என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இல்லையேல் தானே விலகியவரும் விலக்கப்பட்டவரும் தமிழில் ஒருவராகவே எண்ணப்படுவர்.