உழைத்தவர் நிலமா, உடையவர் நிலமா? சிக்காகோ வனக்காப்பு நிலங்கள் குறித்த இரு நூல்கள்: ஒரு திறனாய்வு நோக்கு

ஊதியம் பெறாமல் பொதுப்பணி செய்வோரை நம் வட்டாரத்தில் ‘தொண்டூழியர்’ என்கிறோம். தமிழகத்தார் பெரும்பாலும் ‘தன்னார்வலர்’ என்பர். முன்னது செய்யும் பணியைச் சுட்டுகிறது. பின்னது செய்பவரின் விருப்பத்தைச் சுட்டுகிறது. பொது நிலத்தைப் பேணும் குடிமக்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்டூவர்ட்’ என்னும் சொல்லோ இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பொருளைத் தாங்கி நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது இல்லத்தைக் காப்பவனைக் குறித்தது. அதாவது, உடைமை பிறருடையது. காப்பவன் உடையவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். இம்மூன்றாவது பொருள் மறக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பதை அறிய, சிக்காகோவின் வனக்காப்பு நிலங்களைப் பற்றி எழுந்த இரு நூல்களை இணைத்துப் படிப்பது பயனுடையது.

ஒன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அறிவியல் எழுத்தாளரான வில்லியம் கே. ஸ்டீவன்ஸ் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மிராக்கிள் அண்டர் தி ஓக்ஸ்’. மற்றொன்று, பால் காப்ஸ்டரும் புரூஸ் ஹல்லும் பதிப்பித்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரெஸ்டோரிங் நேச்சர்’ என்னும் கட்டுரைத் தொகுப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்குரியது.

சிக்காகோ நகரைச் சூழ்ந்த குக் கவுண்டியின் வனக்காப்பு அமைப்பு 1914இல் தொடங்கியது. பொதுமக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்ட அதன் நிலம் இன்று ஏறத்தாழ 70,000 ஏக்கர். நிலத்தை வாங்கி வேலியிட்டு விட்டால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பதே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. ஆனால் அவ்வட்டாரத்து ஓக் மரச் சோலைகளும் பிரேரிப் புல்வெளிகளும் நெருப்பினால் உருவானவை. பூர்வகுடி மக்கள் காலந்தோறும் மூட்டிய தீயே அவற்றைத் திறந்த வெளிகளாக வைத்திருந்தது. 1833ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர், தீயும் நின்றது. வேலிச்செடியாக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பக்தார்ன் புதர் சோலைகளுக்குள் நுழைந்தது. பிற செடிகளுக்கு முன்னர்த் தளிர்த்து, அவற்றுக்குப் பின்னர் இலையுதிர்க்கும் இயல்புடைய இப்புதர் தரையில் விழும் வெயிலை மறைத்துவிடுகிறது. ஓக் நாற்றுகளோ வெயிலின்றி வளரா. முதிர்ந்த மரங்கள் நின்றன. அவற்றின் அடியில் இளமரங்கள் இல்லை. பார்வைக்குப் பசுங்காடு, உண்மையில் சந்ததியற்ற காடு.

1977ஆம் ஆண்டில் ஸ்டீவ் பேக்கர்ட் என்பார் சிக்காகோ ஆற்றின் வடகிளைக் கரையில் எஞ்சியிருந்த புல்வெளித் துண்டுகளை மீட்கத் தொண்டூழியரைத் திரட்டினார். அவர் பல்கலைக்கழக அறிஞர் அல்லர். புதரை வெட்டுதல், விதை சேகரித்தல், அனுமதி பெற்றுத் தீயிடல் எனப் பணி வளர்ந்தது. ஓக் மரங்களின் கீழே பிரேரி விதைகள் சரிவர முளைக்காதபோது, அங்கிருந்தது பிரேரி அன்று, சவான்னா என்னும் வேறொரு நிலவகை என்ற முடிவுக்கு அவர் வந்தார். மீட் என்னும் இல்லினாய் மருத்துவர் 1846இல் வெளியிட்ட தாவரப் பட்டியல் அதற்குத் துணைநின்றது. பழைய பட்டியலொன்றை மூலபாடமாகக் கொண்டு அழிந்துபோன நிலத்தை மீளப் படித்தல் என்னும் இப்பகுதியே ஸ்டீவன்ஸ் நூலில் மிகச் சிறந்தது என்று கருதுகிறோம். சுவடி ஒப்பீட்டில் பழகிய நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும். சிதைந்த படிகளிலிருந்து மூலத்தை ஊகிக்கும் பதிப்பாசிரியர் பணிக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு மிகுதியில்லை.

எனினும் நூலின் கதைப்போக்கில் ஒரு குறை உண்டு. தலைப்பிலேயே ‘அற்புதம்’ வந்துவிடுகிறது. அற்புதத்தைக் கண்டவர் வியக்கலாம், நம்பலாம். அதனோடு வாதிட முடியாது. சோலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள், நாயுடன் நடந்தவர்கள், நிழலுக்காக ஒதுங்கியவர்கள் ஆகியோர் இக்கதையில் பாத்திரங்களாக உருப்பெறவில்லை. உழைப்பவர் நாயகர், நிலம் நாயகி, புதர் பகை. உழைப்பே உரிமைச் சான்றாகிவிடுகிறது. வாரந்தோறும் ஞாயிறு காலையில் வியர்வை சிந்தியவருக்கு நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தகுதி தானே வந்துவிடுவதுபோல நூல் நம்மை உணரவைக்கிறது.

நூல் வெளிவந்த மறு ஆண்டே இக்குறை வெளிப்பட்டது. 1996இல் சிக்காகோ சன்-டைம்ஸ் நாளிதழின் பத்தியாளர் ஒருவர் இப்பணியைத் தாக்கித் தொடர்ந்து எழுதினார். மரங்கள் வெட்டப்படுகின்றன, களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது, மான்கள் கொல்லப்படுகின்றன, எங்களை எவரும் கேட்கவில்லை என்று நகரின் வடமேற்குக் குடியிருப்பாளர்கள் முறையிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் கவுண்டி மன்றத் தலைவர் ஜான் ஸ்ட்ரோஜர் மீட்புப் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தார். பின்னர்த் தடை படிப்படியாகத் தளர்ந்தாலும் சில இடங்களில் ஆண்டுகள் பல நீடித்தது.

இம்முறையீடுகளுள் முதல் மூன்றும் இறுதியானதும் ஒரே தரத்தன அல்ல. மரம் வெட்டுதல் தவறு என்பது நிலத்தின் இயல்பறியாத கூற்று. பக்தார்னை வெட்டாமல் ஓக் மரத்தைக் காக்க இயலாது. மான்கள் அளவிறந்து பெருகிக் காட்டுப்பூச்செடிகளை மேய்ந்தழித்தமையும் உண்மையே. ஆனால் ‘எங்களைக் கேட்கவில்லை’ என்பதற்குத் தாவரவியலில் விடையில்லை. நிலம் அவர்களுடையதும் ஆகும். சரியான பணியைச் செய்தவர்களே சரியான முறையில் கணக்குக் காட்டவில்லை என்பதுதான் இதன் துயரம்.

‘ரெஸ்டோரிங் நேச்சர்’ தொகுப்பு இச்சர்ச்சையிலிருந்து பிறந்தது. எதிர்ப்பாளர்களை அறியாமையர் என்று ஒதுக்காமல், அவர்கள் நிலத்தில் எவற்றை மதித்தனர் என்று சமூகவியல் நோக்கில் வினவியது அதன் பெருமை. மீட்டுருவாக்கப்பட்ட இயற்கை மனிதர் செய்த பொருளே, அதனை இயற்கை என்பது பொய் என வாதிடும் எரிக் காட்ஸும், குடிமக்கள் பங்கேற்கும் மீட்புப்பணி மனிதர்க்கும் இயற்கைக்கும் உள்ள உறவைச் சீராக்கும் எனக் கருதும் ஆண்ட்ரூ லைட்டும் ஒரே நூலில் எதிரெதிரே நிற்கின்றனர். நாம் லைட்டின் பக்கமே சாய்கிறோம். காட்ஸின் வாதம் கூர்மையானது; ஆனால் புதருக்குள் மூச்சுத் திணறும் நாற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இத்தொகுப்பிலும் ஒரு மிகை உண்டு. எல்லாவற்றையும் ‘கண்ணோட்டம்’ என்று கொள்ளும் சமூகவியல் பழக்கம் அதில் மேலோங்குகிறது. குடியிருப்பாளருக்கு ஒரு கண்ணோட்டம், தொண்டூழியருக்கு ஒரு கண்ணோட்டம் என்று அடுக்கிச் செல்லும்போது, இளமரங்கள் இல்லை என்பதும் மற்றொரு கண்ணோட்டம்போல் தோன்றிவிடுகிறது. அஃது எண்ணிப் பார்த்து அறியத்தக்க செய்தி. ஸ்டீவன்ஸ் அயலாரை மறந்தார் என்றால், இத்தொகுப்பின் கட்டுரையாளர் சிலர் ஓக் மரத்தை மறந்தனர்.

சுற்றுச்சூழல் என்றதும் ஐந்திணையை அழைத்துவரும் வழக்கம் நம் துறையில் வலுத்துவருகிறது. இங்கு அதனை நாம் வேண்டுமென்றே தவிர்த்தோம். திணை நிலத்தின் இயல்பையும் அதனோடு இயைந்த ஒழுக்கத்தையும் பேசும். பொது நிலத்தில் யார் வெட்டலாம், யாரைக் கேட்டு வெட்டலாம் என்னும் வினாவுக்கு அதில் விடை தேடுவது திணைக்கும் வினாவுக்கும் பொருந்தாது.

நமக்கு அண்மையிலேயே ஒப்பிடத்தக்க நிகழ்வு உண்டு. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவின் கீழ்க்கோடியில் உள்ள செக் ஜாவா கரைப்பகுதி நிலமீட்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர்களும் அருங்காட்சியக ஆய்வாளரும் தொண்டூழியருமாகச் சேர்ந்து அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். வற்றிய கடற்புல் வெளியைக் காணப் பொதுமக்கள் திரளாகச் சென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் நடைபாலம் திறக்கப்பட்டது.

சிக்காகோத் தொண்டூழியர் கையில் அரமும் தீயும் இருந்தன. செக் ஜாவாவில் இருந்தவை குறிப்பேடும் நாவும் மட்டுமே. அதனால் இங்கு அயலார் எதிர்ப்புக்கு இடமே எழவில்லை எனலாம். ஆனால் முடிவெடுக்கும் உரிமையும் எழவில்லை. தொண்டூழியர் காட்டினர், எண்ணினர், விளக்கினர், தீர்மானித்தது அரசு. ‘ஸ்டூவர்ட்’ என்பதற்கு ஈடாகச் சிலர் ‘பொறுப்பாளர்’ என்று எழுதுவதைக் காண்கிறோம். அச்சொல் சிக்காகோவுக்கு ஓரளவு பொருந்தும். செக் ஜாவாவுக்குத் ‘தொண்டூழியர்’ என்பதே இன்றும் பொருத்தம். ஏனெனில் 2002 ஜனவரியில் முறைப்படி அறிவிக்கப்பட்ட அம்முடிவு, தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரை நிலமீட்பு நடைபெறாது என்பதே.