முகவரி ஒன்று, ஆள் எத்தனை?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி வண்டிக்குக் காத்திருப்பவர்களில் நாற்பது பேர் செல்போனில் ஒரே செய்தித் தளத்தைத் திறக்கிறார்கள் என்று வைப்போம். தளத்தின் செர்வரில் நாற்பது ஐபி முகவரிகள் பதியலாம். இரண்டே இரண்டும் பதியலாம். ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன. யார் எவரென்று பிரிப்பது போர்ட் எண். வெப் செர்வர் வழக்கமாக எழுதும் பதிவேட்டில், அதாவது லாக்கில், அந்த எண் இருப்பதில்லை.

மறுபக்கமும் கோணல்தான். ஒரே ஆளுக்கு வீட்டு வைஃபையில் ஒரு முகவரி, பேருந்தில் இன்னொன்று. புதிய முறையான ஐபிவி6-ல் முகவரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே போனே தனியுரிமைக்காக முகவரியின் பின்பாதியை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது.

முகவரிகளை எண்ணி வாசகர்களைக் கணக்கிட்டாலும் கூடுதலும் குறைவும் கழிந்து கணக்கு நேராகிவிடும் என்பது விளம்பரம் பிடிப்பவர்களின் சமாதானம். அது நிற்காது. செல்போன் வாசகர் மிகுந்த தளத்தில் ஒரு பிழை ஓங்கும், பிராட்பேண்ட் வாசகர் மிகுந்த தளத்தில் மற்றது. முகவரியை வைத்து ஊகிக்கும் ஊரும் அப்படியே: ஆரப்பாளையத்துப் போன் சென்னை என்று பதிவானால், 'மதுரை வாசகர்' கணக்கை நம்பி விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்கு என்ன மிச்சம்?

எண்ணிக்கை தவறினால் பணம் போகும். ஆள் தவறினால்? 2007-இல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வந்ததற்காக, புனே போலீஸ் பெங்களூருவில் ஒரு மென்பொருள் ஊழியரைக் கைது செய்தது. இணைய நிறுவனம் தந்த ஐபி விவரமே தப்பு. தெரியவருவதற்குள் அவர் 50 நாள் சிறையில் இருந்துவிட்டார். பகிர்ந்த முகவரிகள் இன்று ஆளைக் கண்டுபிடிப்பதை இன்னும் சிக்கலாக்கியிருக்கின்றன. நேரமும் குழப்பும்: பல செர்வர்கள் லாக்கை உலக நேரத்தில் எழுதும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. அதைக் கவனிக்காமல் விட்டால் விரல் வேறொருவரை நோக்கி நீளும். எல்லாம் சரியாக இருந்தாலும் கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுபவர் பெயர்; டீக்கடை வைஃபையில் தட்டியது யார் என்பது அதில் வராது.

அப்படியானால் ஐபி எதற்குத்தான் உதவும்? பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து மோதும் எந்திரத்தைச் சில மணி நேரம் தடுக்க ஐபி போதும்; அதுவும் பகிர்ந்த முகவரியானால் அப்பாவிகள் சேர்ந்து வெளியே நிற்பார்கள். மாநில அளவில் போக்குப் பார்க்கவும் ஓரளவு உதவும். வாசகர் எண்ணிக்கைக்கு உதவாது. குற்ற விசாரணையில் தொடக்கப் புள்ளி, கைதுக்குக் காரணமல்ல. நிறுவனங்கள் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. அந்த லாக்கில் போர்ட் எண்ணும் துல்லிய நேரமும் இல்லையென்றால், போலீஸ் கேட்கும் நாளில் செல்போன் நிறுவனம் நீட்டுவது ஒரு பெயரை அல்ல, ஒரு பட்டியலை.