சாவி கொடுத்தது யார்?

விமரிசனம் என்றால் கதை, கவிதையோடு நின்றுவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு புரட்டப்படும் புத்தகம் நாவலல்ல, பாடப்புத்தகம். அதை யாரும் விமரிசிப்பதில்லை, உருப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

சென்ற மாதம் என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து விஞ்ஞானப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆற்றலின் வகைகள்: இயக்க ஆற்றல், வெப்ப ஆற்றல், ஒளி ஆற்றல், ஒலி ஆற்றல், மின்னாற்றல், வேதி ஆற்றல். ஒன்று மற்றொன்றாக மாறும். ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அஷ்டோத்திரம் சொல்வதுபோல் தடங்கலில்லாமல் வந்தது. பக்கத்தில் அவள் தம்பியின் தகரக் கார் கிடந்தது. சாவி கொடுத்து ஓடுகிற பழைய மாதிரி. எடுத்துச் சாவி கொடுத்து விட்டேன். ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றது.

"ஏம்மா, இது எதனால் ஓடிற்று?"

"ஆற்றலால், தாத்தா."

"அப்புறம் ஏன் நின்றுவிட்டது?"

"ஆற்றல் தீர்ந்துபோச்சு."

"அழிக்க முடியாது என்று இப்போதுதானே சொன்னாய்?"

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரீட்சையில் அப்படியெல்லாம் கேட்கமாட்டாங்க, தாத்தா" என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இதே மாதிரி ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு பாடப்புத்தகத்தை உண்மையாகவே விமரிசித்தவர் ஒருவர் உண்டு. 1965ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன். அடுத்த ஆண்டு விஞ்ஞான ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் பேசும்போது முதல் வகுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் சாவி கொடுக்கும் நாய்ப்பொம்மை, நிஜ நாய், மோட்டார் சைக்கிள் என்று படங்கள். இது எதனால் நகர்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே விடை, சக்தி. அந்த இடத்தில் கடவுள் என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்குமே, குழந்தை புதிதாக எதைக் கற்றது என்பது அவருடைய கண்டனம். புதிதாகக் கற்ற அந்த வார்த்தையை விலக்கிவிட்டு, கற்றதை உன் சொந்த வார்த்தையில் சொல் என்பது அவர் வைத்த பரீட்சை.

தமிழர்களுக்கு இந்த வேடிக்கை இன்னும் நன்றாகப் புரியும். நான் படித்த புத்தகங்களில் ஆற்றல் கிடையாது, சக்திதான். இலங்கைத் தமிழ்ப் பாடங்களில் இன்றும் அதுவே. சக்தி ஓட வைக்கிறது, சக்தி ஓட வைக்கிறாள். விகுதி ஒன்றுதான் வித்தியாசம்! பிறகு இங்கே ஆற்றல் வந்தது. ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறன் என்று விளக்கம் வந்தது. அந்தத் திறனோ இன்னொரு பாடத்தில், வேலை நடக்கும் வேகத்துக்குப் பெயராகிவிட்டது. குழந்தையை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்புகிறோமே தவிர, எந்த வீட்டுக்குள்ளும் அழைத்துப் போவதில்லை.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் குற்றம் மிகவும் பரிச்சயமானது. என் ஆரம்ப நாவல் ஒன்றில் அண்ணன் தம்பிகள் பிரிந்துபோகிறார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று தேடிப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. விதி விளையாடிற்று என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். விதி எதையும் விளக்கிவிடும். அதனாலேயே எதையும் விளக்குவதில்லை. பாடப்புத்தகத்து ஆற்றலும் அப்படித்தான்.

வேறு விதமாகவும் சொல்ல முடியும். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் செய்தார். விஷயம் ஒரு மெழுகுவத்தி. 1861ல் புத்தகமாக வந்தது. வகைகளின் பட்டியல் அதில் இல்லை. வத்தியின் தலையில் கிண்ணம்போல் குழி எப்படி விழுகிறது? சுற்றிலும் மேலே ஏறுகிற காற்று விளிம்பைக் குளிரவைக்கிறது, நடு மட்டும் உருகுகிறது. உருகியது திரிவழியே ஏறுகிறது. சுடரை அணைத்ததும் எழும் புகையில், திரியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நெருப்பைக் காட்டினால் சுடர் தாவித் திரியைப் பற்றுகிறது. ஆகவே எரிவது மெழுகின் ஆவிதான். வெளிச்சம் தருவது சுடருக்குள் பழுக்கும் கரித்துகள். கடைசி நாள் நம் மூச்சுக்கே வந்துவிடுகிறார்: உண்ட உணவும் நமக்குள் இப்படித்தான் மெல்ல எரிகிறது. பெயர் தெரிவதற்கு முன்பே மாற்றம் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஃபெயின்மன் தன் தகப்பனாரையும் துணைக்கு அழைக்கிறார். அவராக இருந்தால், சூரியன் காய்வதால் பொம்மை நகர்கிறது என்று சொல்லியிருப்பாராம். வில்லை முறுக்கியது உன் கை, கைக்குச் சோறு, சோற்றுக்குப் பயிர், பயிருக்கு வெயில். அழகான சங்கிலிதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை. நாளைக்கே சூரியன் என்ற விடைக்கு இரண்டு மார்க் என்று வைத்துவிட்டால், அதுவும் மந்திரமாகிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, கல்லூரி மாணவர்களுக்கு அவர் சொன்ன கதை. ஒரு பையனிடம் உடையாத கட்டைகள் 28. அம்மா தினமும் மாலையில் எண்ணுகிறாள். ஒரு நாள் 27; தேடினால் விரிப்புக்கு அடியில் ஒன்று. இன்னொரு நாள் 26. ஜன்னல் திறந்திருக்கிறது, இரண்டும் வெளியே. பெட்டியைத் திறக்கப் பையன் விடாவிட்டால், எடை போட்டுக் கண்டுபிடிக்கிறாள். காணாமற் போயிற்று என்பதை மட்டும் அவள் நம்புவதில்லை. சக்தியின் விஷயத்தில் கட்டை என்று எதுவும் கிடையாது, கணக்கு மட்டுமே உண்டு என்று ஃபெயின்மன் எச்சரிக்கவும் செய்கிறார். இருந்தாலும் அந்த அம்மாவின் பிடிவாதம்தான் பாடம். அழியாது என்று உருப்போடுவது வேறு, அழிந்திருக்காது என்று நம்பித் தேடுவது வேறு.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லவில்லை. காருக்குப் பத்துச் சுற்றுச் சாவி கொடுத்துத் தரையில் விடச் சொன்னேன். சாணால் அளந்தாள், 20 சாண். அதே பத்துச் சுற்றில் ஜமக்காளத்தின்மேல் விடச் சொன்னேன். 8 சாணிலேயே நின்றுவிட்டது.

மறுபடியும் அளந்தாள். ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"மீதி 12 சாண் எங்கே போச்சு, தாத்தா?"

உள்ளங்கை இரண்டையும் உரசிப் பார் என்றேன். உரசினாள். சுடுகிறது என்றாள். பிறகு ஜமக்காளத்தைத் தொட்டுப் பார்த்து, இது சுடவில்லையே என்றாள். ஒரு கிலோ கல்லை 427 மீட்டர் தூக்குகிற உழைப்பெல்லாம் வெப்பமானாலும், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத்தான் போதும். ஒரு தகரக் காரின் சூடு கைக்கு எங்கே தெரியப்போகிறது? அந்தக் கணக்கை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.