ஈழத்துத் துள்ளிசையும் ஏ. ஈ. மனோகரனும்

தொல்காப்பியர் செய்யுளியலிற் பண்ணத்தி என்றொரு வகையினை வகுத்துக் கூறினார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், மோதிரப்பாட்டு, கடகண்டு என்றாற் போலத் தம் காலத்து மக்கள் வழங்கிய பாடல்களைச் சான்றாகக் காட்டினார். அப்பாடல்கள் இன்று பெயரளவிலேயே எஞ்சி நிற்கின்றன. அவற்றை யார் கட்டினர், எம்மெட்டிற் பாடினர் என்பதை அறிந்தோர் எழுதிவைத்திலர்; எழுதவல்லார் அவற்றைப் பொருட்படுத்தினாரல்லர். ஈழத்திற் பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கிய பாடல்களுக்கும் அதே கதி நேருமோ என ஐயுறவேண்டியுள்ளது. கல்யாண வீடுகளிலும் பேருந்துகளிலும் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தவரே, கட்டுரை எழுதப் புகுந்தபோது அவற்றை ஒதுக்கிவிட்டனர். அவ்விசையின் முகமாக நெடுங்காலம் விளங்கிய ஏ. ஈ. மனோகரனின் கலைவாழ்வை ஆராய்வது இக்குறையைச் சிறிதேனும் நீக்கும்.

துள்ளிசையின் தாய் பைலா. 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரோடும், அவர் காலத்தில் ஆபிரிக்காவினின்று கொணரப்பட்ட காப்பிரி மக்களோடும் வந்து, கரையோரங்களில் வேரூன்றிய ஆடற்பாட்டு அது. ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயராயிற்று. காவற்றுறையிற் பணிபுரிந்த வோலி பெஸ்ரியன் அதனைச் சிங்கள மேடைக்கு உரியதாக்கினார். 1960களில் மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ இசையும் கிற்றாரும் கொழும்பு இளைஞரைக் கவர்ந்தன. கிளேரன்ஸ் விஜேவர்தன சிங்களத்தில் தாமே எழுதித் தாமே மெட்டமைத்துப் பாடிப் புதுவழி கண்டார். தமிழ் இளைஞரும் வாளாவிருந்திலர்.

இவ்விசை முற்றும் அந்நியம் என்பார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பைலாவின் ஆறெண்ணிக்கைத் தாளம் நமது மும்மை நடைக்கு அயலானதன்று. கும்மியடிக்கும் பெண்களின் கையொலியிலும் அந்நடையே பயில்கின்றது. தமிழ்ச் சொற்கள் அத்தாளத்தில் இடறாது சென்றமைக்கு இதுவே காரணம். எளிய சொல்லும், எளிதில் விளங்கும் சந்தமும், பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியம் மொழிக்கு உயிர் தரும் என்ற கருத்தைப் பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் வெளியிட்டார். அக்கருத்தைச் சபைகளில் எடுத்தோதும் புலவர்கள் ஒரு கிற்றாரைக் கண்டவுடன் முகஞ்சுளித்தது வேடிக்கையே.

மனோகரனைப் பற்றிப் பேசுமுன் நித்தி கனகரத்தினத்துக்கு உரிய இடத்தை அளித்தல் முறை. உரும்பிராயைச் சேர்ந்த அவர் பாடலாசிரியர், மெட்டமைப்பாளர், பாடகர் என்ற மூவகையிலும் தமிழ்த் துள்ளிசையின் முன்னோடியாவார். சின்ன மாமியே என்ற பாட்டு அவருடையது. மாமியிடம் அவள் மகள் எங்கேயென்று வினவும் ஓர் இளைஞனின் குறும்பு தவிர அதிற் பெரும்பொருள் யாதுமில்லை. ஆயினும் அதன் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. படலையருகே நின்று உறவுமுறை சொல்லி வாயளக்கும் வழக்கம் அவ்வாறே பாட்டாகியது. சென்னைத் திரைப்பாடலின் மொழியையே பாட்டுமொழி என நம்பியிருந்த கேள்விக்கு அஃது ஒரு புதுமை. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அறிவுரை கூறும் அவரது மற்றொரு பாட்டு, மதுவிலக்கைக் கால்கள் தாமே ஆடும் தாளத்திற் கூறுகின்றது. அம்முரண் வேண்டுமென்றே அமைத்ததாகவே தோன்றுகின்றது. அங்கதம் என்பதற்கு வேறு இலக்கணம் வேண்டியதில்லை.

இப்பாடல்களிற் சிலவற்றைக் கடல்கடந்து கொண்டுசென்றவர் மனோகரன். சின்ன மாமியைத் தமிழகத்தில் அறிந்தவர் பலர் அதனை மனோகரனின் பாட்டென்றே நினைத்தனர். ஆக்கியோன் ஒருவன், புகழ் பெற்றோன் வேறொருவன் என்ற இந்நிலை மனோகரனைப் பற்றிய மதிப்பீட்டில் தவிர்க்கவொண்ணாத வினாவாகும். ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தின் முதலுறுப்பாக வைத்த மரபு நம்முடையது. பாடகரின் பெயரைக் கூறி எழுதியவரின் பெயரை விழுங்கும் வழக்கம் அதற்கு ஒவ்வாது. எனினும் மனோகரனின் பங்கு இரவற் புகழ் மாத்திரமன்று. நித்தியின் குரல் அயலார் ஒருவர் திண்ணையிலிருந்து பேசுவது போன்றது. மனோகரனுடையது மைதானத்தின் கடைசி வரிசையையும் எட்டுவது. ஆடிக்கொண்டே பாடி, கேட்போரைப் பல்லவியிற் சேரச்செய்து, அவரையும் பாடகராக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. இசைக்கச்சேரியில் அசையாதிருந்து தலையாட்டுதலே இரசனை எனப் பழகிய சபையை அவர் எழுந்து நிற்கச் செய்தார். பொப் இசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் மேடையிலேயே அவருக்குப் பொருந்தும், ஏட்டிற் பொருந்தாது.

அவர் பெயரோடு பிரியாது நிற்பது சுராங்கனி. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைப் பல்லவி சிங்களத்திற் கூற, சரணங்கள் தமிழில் நடக்கின்றன. மணிப்பிரவாளம் கற்றோர் கற்றோருக்காகச் செய்த கலப்பு, இக்கலப்போ தெருவினது. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிற் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் மலாயரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். அங்கே மீன்காரனிடம் ஒரு மொழியிற் பேரம் பேசி, வீட்டினுள் மறுமொழியில் விலையைச் சொல்லுதல் அன்றாட நிகழ்ச்சி. வெள்ளவத்தைச் சந்தையிலும் அவ்வாறே. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் இரு மொழிகளையும் வேறு வேறு வரிசையில் நிறுத்தியது. 1972ஆம் ஆண்டின் யாப்பு அதனை மேலும் உறுதிசெய்தது. அக்காலத்தே எழுந்த இப்பாட்டில் இரு மொழிகளும் ஒரே தாளத்தைப் பங்கிட்டுக்கொண்டன. சிங்களர் தமிழ்ச் சரணத்தை விளங்காமலும், தமிழர் சிங்களப் பல்லவியை ஓரளவு விளங்கியும் பாடினர். அரசியற் கொள்கை எதனையும் இப்பாட்டின்மேல் ஏற்றுதல் தகாது. அது மீனைப் பற்றிய பாட்டே. ஆனால் அக்கொள்கைகள் செய்யமாட்டாத ஒன்றை அது செய்தது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் எனக்கே சொந்தம் என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாட, சுராங்கனி தமிழகத்துக்கும் உரியவளானாள்.

குறைகளும் உள. துள்ளிசையின் சுருதிச் சேர்க்கைகள் சிலவே. ஒரு பாட்டின் முன்னிசையை மற்றொன்றிற் பொருத்தினாலும் கேட்போர் அறியார். பெண்ணைக் கேலிசெய்தல் அதன் பெரும்பாலான பாட்டுகளுக்குப் பொருளாயிற்று. அக்கேலியிற் சில இன்று கேட்கக் கூசுவன. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வளர்த்த ஈழத்து மெல்லிசை, நல்ல கவிதையை நாடிச்சென்றது. துள்ளிசை அவ்வழிச் சென்றிலது. மனோகரனிடம் இக்குறை மிகுதி. வென்ற பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினாரேயன்றி, அவ்வளவு பெரிய சபை தம்மிடம் இருந்தபோது அதற்குப் புதியதொன்றைக் கொடுக்க அவர் முயன்றது குறைவு.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கலைக்கு ஓரளவு இடம் தந்தன. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வாடைக்காற்று என்ற ஈழத்துப் படத்தில் மனோகரன் நடித்தார். அப்படத்தின் மணமும் மண்ணும் அவருக்கு இயல்பாய்ப் பொருந்தின. ஆயின் 1977ஆம் ஆண்டின் பின் பொருளாதாரம் திறக்கப்பட, இந்தியத் திரைப்பாடல் ஒலிநாடாக்கள் பெருகின. ஈழத்துப் பாடகரின் சந்தை சுருங்கியது. தமிழ்நாட்டிற் சிலோன் மனோகர் என்ற பெயருடன் தமிழ், மலையாளப் படங்களில் அவர் நடித்தார். பெரும்பாலும் வில்லன் வேடங்களே கிடைத்தன. ஆயிரம் பேரை ஒருங்கே பாடச்செய்த குரலை உடையவரை அடியாள் கூட்டத்தின் நடுவே நிறுத்தியது அத்திரையுலகின் குருட்டுத்தனம் என்றே கொள்ளவேண்டும்.

1983ஆம் ஆண்டு யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. இசைத்தட்டுக்களும் ஒலிநாடாக்களும் அவற்றோடு எரிந்தன. துள்ளிசையைக் கேட்டு வளர்ந்தவர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குடியேறினர். நித்தி கனகரத்தினமும் அவுஸ்திரேலியா சென்றார். மனோகரன் 2018ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் சென்னையிற் காலமானார். அக்குடியேற்ற நாடுகளின் திருமண மண்டபங்களில், உணவு முடிந்து விளக்குகள் மங்கியபின், தமிழே சரிவரப் பேசாத பிள்ளைகள் சுராங்கனியின் சிங்களப் பல்லவியைப் பிழையின்றிப் பாடுகின்றனர். எழுதியவர் யார், முதலிற் பாடியவர் யார் என்று அவர்களிடம் எவரும் கூறியதில்லை.