சிலகலூரிப்பேட்டை: நெருப்பும் தீர்ப்பும்

‘பஸ்ஸக் கொளுத்தி இருபத்து மூணு பேரக் கொன்னவனுக்காகவும் பேசணுமா?’ மரண தண்டனைக்கு எதிராகப் பேசும் எவரும் சந்திக்க நேர்கிற கேள்விதான் இது. கேட்பவர் எதிரியாக இருந்தால் பரவாயில்லை. நம்மோடு டீ குடித்துக்கொண்டிருக்கும் தோழரே கேட்பார். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

1993 மார்ச் 8. ஐதராபாத்திலிருந்து சிலகலூரிப்பேட்டைக்குப் போன அரசுப் பேருந்தில் இரண்டு இளைஞர்கள் பயணிகளாக ஏறினார்கள். இருவரும் ஏழைகள், தலித்துகள். நோக்கம் கொள்ளை, கையில் பெட்ரோல். 23 பேர் கருகிச் செத்தார்கள். மிரட்டத்தான் பெட்ரோல் என்றார்கள் அவர்களுக்காக வாதாடியவர்கள். கொல்லவே திட்டம் என்றது நீதிமன்றம். 1995இல் குண்டூர் அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தது, 1996இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 1997 மார்ச் இறுதியில் தூக்குக்கு நாள் குறித்தாயிற்று. ஆந்திர மனித உரிமை இயக்கங்கள் தெருவில் இறங்கின. மகாசுவேதா தேவி குடியரசுத் தலைவருக்கு மனுச் செய்தார். கடைசி நேரத்தில் உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 1998இல் கே.ஆர். நாராயணன் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

இனி இந்தத் தண்டனையின் சொல்லாடலுக்கு வருவோம். 1980இன் பச்சன் சிங் தீர்ப்பு குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்கச் சொன்னது. 1983இன் மச்சி சிங் தீர்ப்பு பார்வையைக் குற்றத்தின் கொடூரத்தின் மேல் திருப்பி, சமூகத்தின் ‘கூட்டு மனசாட்சி’யைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஊரென்றும் சேரியென்றும் பிளந்து கிடக்கும் இடத்தில் எந்தக் கூட்டு, யாருடைய மனசாட்சி?

அன்றைய குண்டூர் மாவட்டத்தின் சுண்டூரிலேயே பதில் இருக்கிறது. 1991 ஆகஸ்டில் அங்கே ஆதிக்க சாதியினர் 8 தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். 2007இல்தான் தீர்ப்பு வந்தது. 21 பேருக்கு ஆயுள், ஒருவருக்கும் தூக்கு இல்லை. 2014இல் உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. பேருந்து வழக்கில் தூக்கு வரை போக இரண்டரை ஆண்டு. சுண்டூரில் முதல் தீர்ப்புக்கே பதினாறு ஆண்டு. கூட்டு மனசாட்சிக்கும் சாதி தெரியும் போலிருக்கிறது.

நம் பக்கத்தையும் பார்ப்போம். 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 1973இல் மிராசுதார்களை விடுவித்த உயர்நீதிமன்றம், நிலபுலமும் காரும் உள்ள கனவான்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என நம்பச் சிரமப்பட்டது. அங்கே சொத்தே நன்னடத்தைச் சான்றிதழாகிறது. நவீன நீதி செயலை மட்டுமல்ல, செய்தவனின் ஆன்மாவையும் விசாரிக்கிறது என்றார் ஃபூக்கோ. இங்கே ஆன்மாவுக்குப் பட்டா கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2000 பிப்ரவரியில் தருமபுரியில் கட்சிக்காரர்கள் கொளுத்திய பேருந்தில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். மூவருக்கு விதித்த தூக்கை 2010இல் உறுதி செய்த உச்சநீதிமன்றமே 2016இல் ஆயுளாகக் குறைத்தது. முன்திட்டமில்லை, கும்பல் வெறியில் நிதானம் இழந்தார்கள் என்பது காரணம். 2018இல் வெளியே வந்துவிட்டார்கள். தலைவிக்காகக் கொளுத்தினால் அது நிதானமிழந்த நொடி. காசுக்காகக் கொளுத்தினால் பிறவிக் குணம். பக்திக்கு உளவியல் உண்டு, வறுமைக்குக் கிடையாது.

அப்படியானால் தருமபுரிக்காரர்களையும் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்கிறோமா? இல்லை. சமமான தூக்கு என்பது சமத்துவமல்ல, கயிறு கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவே. 2016 தீர்ப்பு சரியானது. அந்தக் காதுகளை 1996இல் அந்த இருவருக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பதே கேள்வி.

நம் தரப்பிலும் ஒரு கோளாறு உண்டு. அந்த இருவரையும் அமைப்பின் பலிகளாக மட்டும் எழுதி, எரிந்துபோன 23 பேரை அடிக்குறிப்பாக்கி விடுகிறோம். சாட்சியச் சட்டத்தைப் படிப்பவர்களுக்கு இந்த வழக்கு வேறொரு காரணத்தால் தெரியும். காயம்பட்டுப் பிழைத்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது, சம்பவத்துக்கும் பேச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டதால், சம்பவத்தோடு சேர்ந்த பேச்சாகாது என்றது உச்சநீதிமன்றம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வெந்த உடம்போடு பேசியவர்களின் சொல் பாடநூலில் ஒரு விதியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் துண்டறிக்கைகளில் அதுகூட மிஞ்சவில்லை.

தோழருக்கு நம் பதில் இதுதான். அவர்கள் அப்பாவிகள் என்பதால் பேசவில்லை. அப்பாவிக்காகப் பேச மரண தண்டனை எதிர்ப்பு வேண்டியதில்லை, சாதாரண நியாய உணர்ச்சியே போதும். செய்தவனுக்காக, செத்தவர்களையும் மறக்காமல், பேச முடிகிறதா என்பதில்தான் இந்த அரசியலின் சோதனை இருக்கிறது.